முன்னால் நாலு, பின்னால் நாலு

எங்கள் சித்தப்பா போடிநாயக்கனூர்க்காரர். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். வயித்துவலிக்கு அவர் வைத்தியம் ஏலக்காய் டீ. மூணு மாசம் டீ குடித்து ஒன்பது கிலோ இளைத்தார். "வெறும் கேஸ்டா" என்றார். (ஆபீஸ் கேண்டீன் ஆசாமிகளே, நீங்களும் இதையேதான் சொல்வீர்கள்!) மதுரையில் எண்டோஸ்கோப்பி வேறு சொன்னது: இரைப்பையில் புற்றுநோய், முற்றிய நிலை.

"ஆபரேஷன் உண்டு. ஆனா முதல்ல மருந்து. பதினாலு நாளைக்கு ஒரு டிரிப். முன்னால நாலு, பின்னால நாலு" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் சித்தப்பா முகம் தொங்கிவிட்டது. "கைவிட்டுட்டாங்கடா. வெட்டி எறியாம மருந்து எதுக்கு?"

நான் பி.காம். மருத்துவம் தெரியாது, கணக்குத் தெரியும். டாக்டர் சொன்னதையே சொன்னேன். பிரிட்டன் டாக்டர்கள் முன்னின்று 503 பேரை வைத்துப் பார்த்த சோதனை, 2006-ல் வெளியானது. கத்தி மட்டும் பட்டவர்களில் நூற்றுக்கு 23 பேர் ஐந்து வருஷம் தாண்டினார்கள். முன்னும் பின்னும் மருந்தும் சேர்ந்தவர்களில் 36 பேர். ஸ்கேனுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் செல்களை மருந்துதான் தேடிப் போகும்.

அப்புறம் ஜெர்மனியில் 716 பேர். பழைய மூணு மருந்தா, 'ஃப்ளாட்' என்ற புது நாலு மருந்தா என்று குலுக்கிப் போட்டுப் பிரித்தார்கள். முடிவு 2019-ல். பழசில் பாதிப் பேர் 35 மாசம் தாண்டினார்கள்; புதுசில் பாதிப் பேர் 50 மாசம்.

"குலுக்கல்ல பழசு விழுந்தவன் என்னடா பண்ணான்?"

சுருக்கென்றது. அன்றைக்கு அந்தப் பழசுதான் நல்ல மருந்து. தெரிந்தே சம்மதித்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்த 50-ஐ எதோடு வைத்துப் பார்ப்பது?

தேனி தாண்டியதும் அவரே பேசினார். "அழுகல் வந்த செடியைப் பிடுங்கிடறோம். ஆனாலும் மழைக்கு முன்ன ஒருதரம், பின்ன ஒருதரம் போர்டோ கலவை அடிக்கிறோம்ல? அதானே இது?"

"அதேதான் சித்தப்பா!"

லேசாக இருக்கவில்லை. முடி போனது. மலை ஓடையில் குளித்த மனுஷன், சில்லென்ற தம்ளரைத் தொட்டாலே ஷாக் அடித்தது போலக் கத்தினார். ஆபரேஷனில் முக்கால் இரைப்பை போனது. கல்யாண வீட்டில் மூணு பந்தி பார்த்தவர், இப்போது இட்லி ஒண்ணரை, நாளைக்கு ஆறு வேளை.

குணமாகிவிட்டதா? டாக்டர் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

எட்டாவது டிரிப் முடிந்த அன்று கேட்டார்: "பழசு விழுந்தவங்க பேரு ஏதாச்சும் தெரியுமாடா?"

"தெரியாது சித்தப்பா."

"சரி விடு" என்றவர், மேற்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.