உயரம் பார்த்து டிக்கெட்!

வீட்டுல காலேஜ் படிக்கிற பையனோ பொண்ணோ இருந்தா, மே மாசம் ஒரு வேலை தானா வந்து சேரும். அக்கா குழந்தைங்க, அண்ணன் குழந்தைங்களை தீம் பார்க் கூட்டிட்டுப் போற 'பாடிகார்டு' வேலை! சம்பளம் கிடையாது, சாப்பாடு மட்டும் உண்டு. அதையும் கேட்ல பிடுங்காம இருந்தா! உங்களுக்கு இதுவரை இந்த டியூட்டி விழலைன்னா, கூடிய சீக்கிரம் விழும். அதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

போன மே மாசம் எனக்கு விழுந்துச்சு. விழுப்புரத்துல இருந்து அக்கா, மாமா, எட்டு வயசுப் பெரியவ, நாலு வயசுச் சின்னவன்... நாலு பேரும் காலையில ரயில் ஏறி தாம்பரத்துல இறங்கினாங்க. மாமா டூவீலர் மெக்கானிக். பட்டறையை ஒருநாள் பூட்டினா ஒருநாள் வருமானம் போச்சு. ஆறு மாசமா ஒரு டப்பாவுல சேர்த்த காசு அக்காவோட ஹேண்ட்பேக்ல இருந்துச்சு. 'சென்னைக்குப் போய் ரோலர் கோஸ்டர்ல போகப்போறோம்'னு பெரியவ ஸ்கூல் முழுக்கத் தம்பட்டம் அடிச்சிட்டு வந்திருந்தா.

எந்த பார்க்னு கேட்காதீங்க. சென்னைக்கு வெளியே ஒரு பார்க். அவ்வளவுதான்!

வாசல்லயே முதல் பஞ்சாயத்து. 'வெளிச் சாப்பாடு நாட் அலவ்டு.' விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து கிளறின புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், ரெண்டு தூக்கு. 'உள்ள ஸ்டால் இருக்கு மேடம்'னு செக்யூரிட்டி அண்ணா சொல்ல, அக்கா ஒரு நிமிஷம் யோசிச்சா. அப்புறம் எங்களை பார்க்கிங் ஓரத்துல இருந்த வேப்பமரத்தடிக்கு ஓட்டிட்டுப் போயிட்டா. காலை ஒன்பதரை மணிக்கு மதியச் சாப்பாடு! திரும்பிப் பார்த்தா, பக்கத்து மரத்தடியிலயும் ரெண்டு குடும்பம் இதே வேலையைத்தான் பார்த்துட்டிருந்தாங்க. அதுல ஒரு பாட்டி எங்களுக்கு மாவடு கொடுத்தாங்க. சத்தியமா சொல்றேன், அன்னிக்கு சாப்பிட்டதுலயே உருப்படியான அயிட்டம் அந்த மாவடுதான்.

அடுத்தது அளவுகோல். சுவத்துல ஒட்டகச்சிவிங்கி படம், கழுத்துல சென்டிமீட்டர் கோடு. பெரும்பாலான பார்க்குகள்ல டிக்கெட்டுக்கு வயசு கணக்கில்லை பாஸ், உயரம்தான் கணக்கு. வொண்டர்லாவை எடுத்துக்கோங்க. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தா இலவசம், 85-ல இருந்து 140 வரைக்கும் சின்னப் பசங்க டிக்கெட், அதுக்கு மேலே பெரியவங்க டிக்கெட். இதுல ஒரு விவரம் இருக்கு. வயசைப் பொய் சொல்லலாம் (நம்ம அம்மாக்கள் பஸ்ல எத்தனை வருஷம் சொல்லியிருக்காங்க!). உயரத்தைப் பொய் சொல்ல முடியாது.

சின்னவன் 101. பெரியவ 126. ரெண்டு பேருக்கும் குழந்தை டிக்கெட். 'ஹய்யா, மிச்சம்!'னு அக்கா சந்தோஷப்பட்டா. அந்த சந்தோஷத்துக்கு ஆயுசு இருபது நிமிஷம்.

ரோலர் கோஸ்டர் க்யூ. முக்கால் மணி நேரம் நின்னு முன்னாடி போனா, அங்கேயும் ஒரு அளவுகோல். '140-க்குக் கீழே ஏறக் கூடாது.' பெரியவ முகத்தைப் பார்க்கணுமே! நுனிக்கால்ல நின்னு பார்த்தா, கொண்டையைத் தூக்கிக் கட்டிப் பார்த்தா. ஆபரேட்டர் தலையை ஆட்டிட்டார்.

இங்கே அந்த ஆபரேட்டர் பக்கம் நான் பேசியாகணும். நான் மெக்கானிக்கல் மாணவன் (அரியர் பத்தி இங்க பேச வேணாம்). ரோலர் கோஸ்டர் பெட்டியில பெரும்பாலும் இன்ஜினே கிடையாது. முதல் மேட்டுக்கு ஒரு சங்கிலி இழுத்துட்டுப் போகும். அப்புறம் மொத்தமும் புவியீர்ப்பு விசைதான். உங்களைக் காப்பாத்துறது ஒரே ஒரு விஷயம்... தோள்லயும் மடியிலயும் வந்து பூட்டுற அந்தக் கம்பி. அது இடுப்பெலும்பைப் பிடிச்சு நிறுத்தணும். சின்ன உடம்புன்னா இடுக்குல நழுவ வாய்ப்பு இருக்கு. இன்னொண்ணு, குழந்தையோட தலை உடம்புக்கு ரொம்பப் பெருசு. பிறக்கும்போது மொத்த உயரத்துல கால்வாசி தலைதான். பெரியவங்களுக்குக் கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்கு. அந்தக் கனத் தலையை, வளைவுல சடார்னு திரும்பும்போது தாங்குற பலம் பிஞ்சுக் கழுத்துக்கு இல்லை. அதனால 'ஒரே ஒரு தடவை விடுங்க சார்'னு ஆபரேட்டர்கிட்ட கெஞ்சுற மாமாவா மட்டும் நீங்க இருக்காதீங்க.

ஆனா கேள்வி அது இல்லையே. 140 சென்டிமீட்டர்னா சராசரியா பத்து வயசைத் தாண்டணும். நாலு வயசுக் குழந்தை நூறு, நூத்தி மூணுன்னு இருக்கும். அப்போ ஸ்கூல் சேர்ற வயசுல இருக்கிற ஒரு குழந்தைக்கு, இவ்வளவு பெரிய பார்க்ல என்னதான் இருக்கு? சுத்துற கோப்பை, குட்டி ரயில், முழங்கால் ஆழத் தண்ணி, ராட்டினக் குதிரை. இந்த ராட்டினக் குதிரை நம்ம ஊர் திருவிழாவுலயே இருக்கு. சின்னவன் அதுல நாலு தடவை ஏறினான். நாலு தடவையும் ஒரே குதிரை. அதுக்குக் காது உடைஞ்சிருக்காம்!

தீம் பார்க் கதையே ஒரு ராட்டினத்துல இருந்துதான் ஆரம்பிக்குதுங்கிறது இன்னொரு தமாஷ். அமெரிக்காவுல வால்ட் டிஸ்னி தன்னோட ரெண்டு பொண்ணுங்களையும் சனிக்கிழமைகள்ல ராட்டினத்துக்குக் கூட்டிட்டுப் போவாராம். அவங்க சுத்த, இவர் பெஞ்சுல தனியா உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பாராம். 'அப்பா அம்மாவும் குழந்தைங்களும் சேர்ந்து சந்தோஷமா இருக்க ஒரு இடம் இல்லையே'ன்னு அப்போ தோணினதா அவரே சொல்லியிருக்கார். 1955 ஜூலை 17-ல கலிஃபோர்னியாவுல டிஸ்னிலேண்ட் திறந்தாச்சு.

நம்ம பக்கத்துக் கதையும் சுவாரஸ்யம்தான். 'மை டியர் குட்டிச்சாத்தான்'னு 1984-ல இந்தியாவோட முதல் 3டி படத்தை எடுத்தவர் நவோதயா அப்பச்சன். அவர்தான் 1995-ல தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவை ஆரம்பிச்சார். ஈ.சி.ஆர்-ல வி.ஜி.பி., எம்.ஜி.எம்., மேட்டுப்பாளையத்துல மலையடிவாரத்துல பிளாக் தண்டர், மதுரைக்காரங்களுக்கு அதிசயம்னு ஆளாளுக்கு ஒண்ணு. ஸ்டெபிலைசர் வித்த வி-கார்டு கம்பெனிக்காரர் 2000-ல கொச்சியில வீகாலேண்ட் ஆரம்பிச்சு, 2005-ல பெங்களூருக்கு வந்து, 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கமும் வந்துட்டார். இதுல எங்கே போனாலும் ஒரு பெஞ்ச் இருக்கும். அதுல ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாங்க. டிஸ்னி எழுந்து போயிட்டார். அந்த பெஞ்ச் மட்டும் அங்கேயேதான் இருக்கு!

எங்க பெஞ்ச்ல அக்கா. மடியில நாலு பை, ரெண்டு ஜோடி செருப்பு, மாமாவோட பர்ஸ், என் செல்போன். லாக்கருக்குத் தனிக் காசுன்னதும் 'நான் இருக்கேன்ல'ன்னு அவளே லாக்கர் ஆயிட்டா. நானும் மாமாவும் ரோலர் கோஸ்டர்ல கத்திட்டு வந்தோம். திரும்பி வந்தப்போ பெரியவ 'உர்'ருன்னு இருக்கா. சின்னவன் தரையில சொட்டுற குழாய்த் தண்ணியில எறும்பை ஓட்டிட்டிருக்கான். மணி பன்னிரண்டரை. சிமென்ட் தரையில கால் வைக்க முடியலை.

நாலு வயசுக் குழந்தையோட போறவங்க இந்த நேரத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க. பன்னிரண்டுல இருந்து மூணு. வெயில், பசி, தூக்கம் மூணும் சேர்ந்து வர்ற நேரம். எந்த ரைடும் இதை ஜெயிக்காது. சின்னவன் அழ ஆரம்பிச்சான். எதுக்குன்னு கேட்டா, அவனுக்கே தெரியலை. நாலு பேரும் நாலு திசையில பார்த்துட்டிருந்தோம். மாமா மெதுவா, 'இந்தக் காசுக்கு ரெண்டு பேருக்கும் சைக்கிள் வாங்கியிருக்கலாம்'னார். அக்கா பதில் பேசலை. ஆனா கண்ணு கலங்கிடுச்சு. ஆறு மாசம் டப்பாவுல போட்டது அவ இல்லையா?

பாடிகார்டு அப்போதான் வேலை செய்யணும் ஃப்ரெண்ட்ஸ். 'குடு அவனை'ன்னு சின்னவனை வாங்கி மடியில போட்டுக்கிட்டேன். 'நீங்க மூணு பேரும் அலைக் குளத்துக்குப் போங்க.'

அங்கேயும் ஒரு ரூல். காட்டன் சுடிதார், சேலையோட தண்ணியில இறங்கக் கூடாது. நைலான் டிரஸ்தான் போடணும். இல்லைன்னா அவங்க கடையிலயே வாங்கணும். (துணி இழை ஃபில்டர்ல அடைக்கும், ஈரச் சேலை காலைச் சுத்தும். காரணம் நியாயம். விலை? அதை அக்கா இன்னிக்கு வரைக்கும் திட்டுறா!) 'எனக்கு வேணாம்டா, இதைப் போட்டுக்கிட்டு எவ நடப்பா'ன்னா. பெரியவ கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா.

அலைக் குளம்கிறது பெரிய ரகசியம் இல்லை. குளத்துக்குப் பின்னாடி மூடின அறைகள்ல பெரிய மின்விசிறி மாதிரி ப்ளோயர் காத்தை அடிக்கும். காத்து தண்ணியை அமுக்கும், விடும், அமுக்கும், விடும். அந்த அமுக்கல் அலையாகி வெளியே வரும். நான் பெஞ்ச்ல உட்கார்ந்து இந்த தியரியை மனசுல ஓட்டிட்டிருந்தப்போதான் அக்காவைப் பார்த்தேன். ஊதா கலர் நைலான் டிரஸ்ல, ஓரமா கம்பியைப் பிடிச்சுட்டு நின்னா. முதல் அலைக்கு மூச்சு முட்டினா. ரெண்டாவதுக்குக் கம்பியை விட்டுட்டா. மூணாவதுக்கு அவ சிரிச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு, நூறு பேர் கூச்சல்ல! முப்பத்தொரு வயசு. இருபத்திரெண்டுல கல்யாணம். அப்புறம் அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை. பெரியவளும் உயரத்தை மறந்துட்டா. அலைக்கு ஏது அளவுகோல்? மாமா கரையில நின்னு பொண்டாட்டியை போட்டோ எடுத்தார். நாற்பது போட்டோ. அதுல முப்பது ஆடிப்போனது.

ரெண்டு மணி நேரம் சின்னவன் என் மடியில தூங்கினான். கால் மரத்துப்போச்சு. அசையலை.

சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன்ல, ரயில் வர்ற வரைக்கும் பேசிட்டிருந்தோம். 'ஸாரிக்கா, காலையில உன்னை பெஞ்ச்லயே விட்டுட்டோம்'னேன். அவ சிரிச்சா. 'பழகினதுதான்டா. 2010-ல அப்பா நம்மளை இதே மாதிரி ஒரு பார்க்குக்குக் கூட்டிட்டு வந்தாரே, நினைப்பிருக்கா? நீ நாலு வயசு. பாதியில தூங்கிட்ட. எனக்குப் பதினஞ்சு வயசு. சாயங்காலம் வரைக்கும் உன்னை மடியில வெச்சுட்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஜெயின்ட் வீல்கூட ஏறலை.'

எனக்கு ஒண்ணுமே நினைப்பில்லை. ஒரு கம்பி, ஒரு கலர்... ம்ஹூம். மூணு, நாலு வயசுக்கு முன்னாடி நடந்தது பெரும்பாலானவங்களுக்கு அழிஞ்சு போயிடும்னு மனநல நிபுணர்கள் சொல்றாங்க. அதுக்குக் 'குழந்தைப் பருவ மறதி'ன்னே பேரு வெச்சிருக்காங்க. நாலு வயசுல போன இடத்தை அஞ்சு வயசுல சொல்வாங்க, பத்து வயசுல சொல்ல மாட்டாங்க. அப்பா கடன் வாங்கிக் காட்டின ஒரு நாள் என்கிட்ட இல்லை. அக்காகிட்டதான் இருக்கு. அதுவும் அவ ஏறாத ஜெயின்ட் வீலா இருக்கு.

அதனால உங்க வீட்டுல 'போலாமா, வேணாமா'ன்னு பேச்சு வந்தா, என் ஓட்டு இதுதான். எல்லா வாண்டுகளும் அஞ்சு வயசுக்குள்ளன்னா அந்தக் காசைத் தொடாதீங்க. வண்டலூர் ஜூவுக்குப் போங்க (செவ்வாய்க்கிழமை லீவு, ஏமாந்துடாதீங்க). கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போங்க. மெரினாவுல சாயங்காலம் மணல்ல விட்டா ரெண்டு மணி நேரத்துக்கு உங்களைத் தேடவே மாட்டாங்க. பத்து வயசு தாண்டின பசங்கன்னா கண்ணை மூடிட்டுப் போகலாம், காசு வசூலாகிடும். எங்களை மாதிரி ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு கலந்து இருந்தா? வீட்டுலயே டேப் வெச்சு அளந்து, எதுல ஏற விடுவாங்கன்னு முன்னாடியே பசங்ககிட்ட சொல்லிடுங்க. க்யூ முடிவுல உடையற மனசு ரொம்ப மோசம். நைலான் டிரஸ்ஸை ஊர்லயே வாங்கிடுங்க. முக்கியமா, பெஞ்ச் டியூட்டியை மணிக்கணக்குல பிரிச்சுக்கோங்க. அம்மாவுக்குன்னு எழுதி வெச்ச சீட் இல்லை அது. பாடிகார்டா போறவங்களே, உங்களைத்தான் சொல்றேன்!

மாமா இன்னும் 'சைக்கிள் வாங்கியிருக்கலாம்'னுதான் சொல்றார். அக்கா அந்த ஊதா நைலான் டிரஸ்ஸைத் துவைச்சு, மடிச்சு, பட்டுப்புடவைக்குப் பக்கத்துல வெச்சிருக்காளாம். சின்னவனுக்கு ரோலர் கோஸ்டர், மாவடு எதுவுமே ஞாபகம் இல்லை. ஒட்டகச்சிவிங்கி மட்டும் இருக்கு. வீட்டு வாசக்காலுல பென்சில் கோடு போட்டு, வாரம் ஒருதடவை அளக்கச் சொல்லி அடம் பிடிக்கிறான்.

நேத்து போன் பண்ணினேன். 'மாமா, நான் நூத்தி மூணு!'ன்னான்.