காயலிலிருந்து ஆத்தூருக்கு ஒரு மின்வண்டிப் பயணம்

அன்று வெள்ளிக்கிழமை, மதரஸாவுக்கு விடுமுறை. ஸுப்ஹுத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, மச்சான் தம்முடைய மின்சார ஸ்கூட்டரைப் பள்ளிவாசல் வாயிலில் நிறுத்தி வைத்துக் காத்திருந்தார். "ஜும்ஆவுக்கு முன் திரும்பிவிட்டால் போதும். ஓட்டிப் பார்த்த பிறகு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்" என்று சாவியை என் கையில் கொடுத்தார்.

என் தாயார் ஆத்தூரில் தமக்கையின் வீட்டில் இருக்கிறார்கள். மூட்டுவலியால் வெளியே வருவதில்லை. அஸருக்குப் பின் சென்று அவர்களைப் பார்த்து வருவது பல ஆண்டுகளாக என் வழக்கம். இரண்டு மாதங்களுக்கு முன் என் பழைய மொபெட் பழுது பார்க்க இயலாத நிலையை அடைந்தது. பேருந்துக்குக் காத்திருந்து போய் வருவதில் மாலை முழுவதும் கழிந்துவிடவே, நாள்தோறும் நடந்த சந்திப்பு வாரம் ஒருமுறை என்றாகிவிட்டது. கையில் இருப்பதோ சிறுகச் சிறுகச் சேர்த்த 75,000 ரூபாய். வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை என்று இருப்பவனுக்கு, வாங்கும் பொருளில் தவறு நேர்ந்தால் இரண்டாம் வாய்ப்பு இல்லை.

மச்சானின் வண்டி மிக எளிமையானது. வண்ணத் திரை கிடையாது. கைப்பேசியோடு எவ்வித இணைப்பும் கிடையாது. வேகம் காட்டும் முள்ளும், பேட்டரியின் அளவைக் காட்டும் ஐந்து கோடுகளுமே உண்டு. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்ட இத்தகைய வண்டியை நம் நாட்டு விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. எனவே பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. அதையே காரணமாக்கிச் சிறு பிள்ளைகளிடம் சாவியைக் கொடுப்பது பெருந்தவறு. தலைக்கவசத்தை நான் அணிந்துகொண்டே புறப்பட்டேன்.

காயல்பட்டினத்தின் ஒடுங்கிய தெருக்களில் வண்டி ஓசையின்றிச் சென்றது. அந்த அமைதியே முதல் பாடத்தைக் கற்பித்தது. முடுக்கிலிருந்து வெளியே வந்த ஒரு மூதாட்டி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை! பின்னால் வண்டி வருவது அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முனையிலும் ஒலியெழுப்பியே சென்றேன்.

ஆறுமுகநேரியை அடைந்ததும் உப்பளங்கள் கண்ணில் பட்டன. அங்கே எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். இருக்கையைத் திறந்து பேட்டரியின் இணைப்புகளைச் சுட்டிக்காட்டினார், பச்சை பூத்திருந்தன. "உப்புக் காற்று, ஹஜ்ரத். மாதம் ஒருமுறை துடைத்து கிரீஸ் தடவ வேண்டும்" என்றார். வண்டியில் இருப்பது ஈய அமில பேட்டரி என்றும், நாள்தோறும் ஓடினால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும் என்றும், மாற்றுவதற்கு 14,000 ரூபாய் ஆகும் என்றும் அவரே சொன்னார். விற்பனையாளர் சொல்லாத செய்தி இது.

வாழைத் தோட்டங்களையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் கடந்து ஆத்தூர் சேர்ந்தேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை இவ்வூருடையது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. லாரிகள் முந்திச் சென்றபோதெல்லாம் சாலையின் ஓரத்திலேயே ஒதுங்கி ஓட்ட வேண்டியிருந்தது. அவசரக்காரர்களுக்கு இவ்வண்டி பொருந்தாது.

என் குரல் கேட்டதும் உம்மா, "என்ன வாப்பா, இன்று காலையிலேயே?" என்று வியந்தார்கள். பசியாறியபின் தமக்கையின் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, முக்காணிக்குச் செல்லும் தாமிரபரணிப் பாலத்துக்குப் போனேன். இருவரைச் சுமந்து மேட்டில் ஏறுமா என்று பார்க்க வேண்டுமல்லவா? பாதி ஏற்றத்திலேயே வேகம் நடைவேகமாகக் குறைந்தது. "மாமா, நான் இறங்கி நடக்கிறேன்" என்றான் பிள்ளை. இருவருமாக ஊர் ஊராகச் செல்ல விரும்புவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பாலத்தின் மேல் நின்றபோது 2023 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வந்தது. அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரமும் தடைப்பட்டது. அத்தகைய நாளில் மின்வண்டியால் பயனில்லை. நீரில் மூழ்கிய வண்டியையோ, சோதிக்காமல் மின்னேற்றம் செய்வதே ஆபத்து. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றம் செய்யப்பட்ட ஒரு மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி உயிரிழந்தனர். உறங்கும் நேரத்தில் மின்னேற்றம் கூடாது. வாசற்படி அருகிலும் கூடாது.

காயல் திரும்பியபோது ஐந்து கோடுகளில் இரண்டு மிஞ்சியிருந்தன. விற்பனையாளர் சொன்ன 60 கிலோமீட்டரை நம்புவதற்கில்லை. 40 என்று கொள்வதே நேர்மை.

அன்றிரவு கணக்கெழுதினேன். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் வீதம் மாதம் 26 நாட்கள் என்றால் 520 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மொபெட்டுக்கு, பெட்ரோல் 100 ரூபாய் என வைத்தால் 1,040 ரூபாய் ஆகும். மின்வண்டிக்குச் சுமார் 20 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 160 ரூபாய்தான். மாதம் 880 ரூபாயும், இரண்டு ஆண்டுகளில் 21,000 ரூபாய்க்கு மேலும் மிச்சம். ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கை ஈய அமில பேட்டரி மாற்றுவதற்கே கொடுத்துவிட நேரும்.

அதே வண்டி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியுடனும் கிடைக்கிறது. விலை 52,000 அன்று, 70,000. முதலில் 18,000 கூடுதலாகத் தோன்றினாலும், அவ்வகை பேட்டரி முறையாகப் பேணினால் ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். அதற்குள் மற்றதை இருமுறை மாற்ற 28,000 செலவாகியிருக்கும்.

ஆகவே என் முடிவு இதுதான்: அலங்காரமில்லாத மின்வண்டி வாங்கத் தக்கதே, ஆனால் சிக்கனம் பேட்டரியில் கூடாது. நாள்தோறும் செல்லும் தொலைவு சிறியதாகவும் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். பழுது பார்ப்பவர் அருகில் இருக்க வேண்டும். இம்மூன்றும் அமையாதவர் பொறுத்திருப்பதே நல்லது.

ஆத்தூரில் விடைபெறும்போது உம்மா, "இனி அடுத்த வெள்ளிதானே?" என்று கேட்டார்கள். அப்போது நான் விடை சொல்லவில்லை. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் அஸருக்குப் பின் ஒவ்வொரு நாளும் அவர்கள் வாசலில் நான் நிற்பேன்.