முழந்தாள்

மயிலை சாந்தோம் பேராலயத்தில் புனித தோமையாரின் எலும்புத் துண்டொன்று திருப்பண்டமாகப் போற்றப்படுகிறது. மரபுப்படி எடெசாவுக்கும் கியோசுக்கும், 1258-இல் ஒர்த்தோனாவுக்கும் சென்றவையும் எலும்புகளே. கால்சியம் செறிந்த எலும்பு நூற்றாண்டுகளைத் தாங்கும். அவரை நோவின்றி நடக்கவைத்த குருத்தெலும்போ மண்ணாயிற்று.

முறிந்த எலும்பு கூடும். அதில் குருதி ஓடுகிறது. மூட்டின் குருத்தெலும்புக்கு இரத்த நாளமில்லை, நரம்புமில்லை. நமக்கு உணர்த்தாமலே தேய்கிறது. தேய்ந்தபின் மீள்வது அரிது. மூட்டு அசையும்போது, பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல், மூட்டுநீரிலிருந்து அது உணவு பெறுகிறது.

ஆகவேதான் எழுபது வயதான என் தாயாரை மருத்துவர் நடக்கச் சொன்னார். லஸ்ஸிலிருந்து சாந்தோமுக்கு மெல்ல நடந்தே வருகிறார். திருப்பலியில் நாற்காலிதான். எழுந்தேற்றத்தின்போது அனைவரும் முழந்தாள்படியிட, தாம்மட்டும் அமர்ந்திருப்பதை அவர் மனம் இன்னும் ஏற்கவில்லை, கண்களை மூடிக்கொள்கிறார்.