யேனா நகரில் இரண்டு குமிழிகள்

ஜெர்மனி தேசத்தில் யேனா நகரத்து ரயிலடி ஒன்றுக்குப் 'பாரடீஸ்' என்று பெயர். சொர்க்கம் என்று பொருள்! சாலே நதிக்கரைப் பூங்காவின் பெயர் அது. அந்தச் சொர்க்கத்தில் இறங்கிய என் கையில் தகப்பனாரின் பழைய காமிரா இருந்தது. மனத்தில் ஒரு குறையும் இருந்தது.

காமிராவின் லென்ஸுக்குள் கடுகிலும் சிறிய இரண்டு காற்றுக் குமிழிகள் உண்டு. "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று தகப்பனார் கடைசி வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவேதான், புதுவகை லென்ஸ் கண்ணாடி பிறந்த ஊரைத் தேடி வந்தேன்.

1846-ல் கார்ல் ஸைஸ் இங்கே ஒரு பட்டறை வைத்தார். பேராசிரியர் எர்ன்ஸ்ட் அப்பே போட்ட கணக்குக்கு ஏற்ற கண்ணாடி அந்நாளில் கிடைக்கவில்லை. 1882-ல் இங்கு வந்து சேர்ந்த ரஸாயன நிபுணர் ஓட்டோ ஷாட், பேரியம், போரான் முதலியவற்றைக் கலந்து அதைக் காய்ச்சித் தந்தார்.

கண்ணாடிச் சரக்குகள் உருகும்போது வாயு கிளம்பும். குமிழி முழுவதும் வெளியேறட்டும் என்று நெடுநேரம் காய்ச்சினாலோ, மண் மூசை கரைந்து கண்ணாடியைக் கெடுக்கும். ஆதலால் அக்காலத்துத் தொழிலாளர்கள் சில குமிழிகளைப் பொறுத்துக்கொண்டார்கள்.

அவற்றால் நஷ்டம் எவ்வளவு? 40 மில்லிமீட்டர் அகலமுள்ள லென்ஸில் 0.4 மில்லிமீட்டர் குமிழி ஒன்று மறைப்பது, வரும் ஒளியில் பதினாயிரத்தில் ஒரு பங்கே! படச்சுருளுக்கு மிக அருகிலுள்ள கண்ணாடியில் இருந்தால்தான் அதன் நிழல் படத்தில் விழும். மெய்யான பகைவன் வேறு. தண்ணீரில் சர்க்கரைப் பாகு கரையும்போது நெளியுமே, அதுபோன்ற இழைகள் கண்ணாடிக்குள் நின்றுவிட்டால் ஒளி கோணி, படம் குலையும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத குற்றம் அது!

இக்காலத்தில் பிளாட்டினப் பாத்திரத்தில் காய்ச்சுகிறார்கள். அப்பொழுதும், 100 கன சென்டிமீட்டர் கண்ணாடியிலுள்ள குமிழிகளின் பரப்பைக் கூட்டித்தான் தரம் சொல்கிறார்கள். 0.03 மில்லிமீட்டர் குமிழிகூட அந்தக் கணக்கில் சேரும். குமிழியே கூடாது என்பதல்ல. இவ்வளவுக்கு மேல் கூடாது என்பதே நியதி.

அப்பேயின் நினைவாக 1911-ல் எழுப்பிய எண்கோண மண்டபத்தை அந்தக் காமிராவினாலேயே படம் பிடித்தேன். ஊர் திரும்பிப் படத்தைத் தாயாரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலை மூலையாகத் தேடினாள்.

"குமிழி எங்கேடா?" என்றாள்.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தகப்பனார் இல்லையே என்பதுதான் இப்போது என் குறை.