மூக்குக்குக் கீழே ஒரு விரற்கடை

அப்பா மண்ணடியில் ஓர் இரும்பு வியாபாரியிடம் 31 வருஷம் கணக்கு எழுதினார். பள்ளிக்கூட லீவு நாட்களில் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு நான்தான் கடைக்குப் போவேன். சாப்பிட்டுக் கை அலம்பிவிட்டு வந்ததும் அவர் உடனே எழுத உட்கார்ந்துவிட மாட்டார். பேனாவை மூடி மேஜை ஓரமாக வைப்பார். சிவப்புத் துணி ஒட்டிய பேரேட்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். வெளியே கைவண்டியில் கம்பி ஏற்றும் சத்தம் காதைப் பிளக்கும். லாரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருப்பார்கள். அப்பா அசையமாட்டார். ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு கண்ணைத் திறந்து, விட்ட வரியிலிருந்து எழுத ஆரம்பிப்பார்.

"என்னப்பா பண்ணீங்க?"

"மூக்குக்குக் கீழ கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வந்தேன்."

எட்டு வயதில் அது எனக்கு ஒரு விளையாட்டாகத்தான் பட்டது. நானும் பக்கத்து ஸ்டூலில் கண்ணை மூடுவேன். எங்கே உட்கார்வது என்று கேட்டால், மேலுதட்டுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் ஆள்காட்டி விரலை வைத்துக் காட்டுவார். ஒரு விரற்கடை இடம். "மூச்சை ஒண்ணும் பண்ணாத. வர்றது தெரியணும், போறது தெரியணும். அவ்வளவுதான்."

நான் பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்த முதல் மார்ச் மாதம் டிரையல் பேலன்ஸில் 360 ரூபாய் உதைத்தது. இரண்டு நாள் இரவு பத்து மணிவரை தேடியும் அகப்படவில்லை. எல்லோர் முன்னாலும் சீனியர் கேட்ட கேள்வியில் அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். 360 ஒன்பதால் வகுபடுகிறதே, எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது, 4,731-ஐ 4,371 என்று ஏற்றியிருப்பாய் என்றார். கணக்கு எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த சூட்சுமம்தான் அது. அதற்கு முன்னால் அவர் சொன்ன ஒன்று மட்டும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. "வித்தியாசம் வந்தா உடனே தேடாத. புஸ்தகத்த மூடு. உட்காரு. அப்புறம் திற. கணக்கு எங்கயும் ஓடாது, ஓடுறது நீதான்."

மறுநாள் காலை பேரேட்டை மூடி, அப்பாவைப் போலவே கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு நிமிஷம் நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. அப்புறம் மேலுதட்டில் மெல்லிய குளிர்ச்சி, அடுத்து லேசான சூடு. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் புத்தகத்தைத் திறந்தபோது முந்தின நாள் என்னைப் பார்த்து முறைத்த எண்கள் வெறும் எண்களாக இருந்தன. சாப்பாட்டு வேளைக்குள் இடம் மாறிய இலக்கம் அகப்பட்டது. அன்றிலிருந்து அந்த ஐந்து நிமிஷத்தை நான் விட்டதில்லை. காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் இன்னொரு தடவை.

அது எங்கிருந்து வந்தது என்று அப்பா இருந்தவரை நான் கேட்கவில்லை. அவர் முருக பக்தர். கிருத்திகை தவறாமல் விரதம். கோயிலில் யாரோ சொல்லிக்கொடுத்த பிராணாயாமமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா போன பிறகு பிராணாயாமம் கற்றுக்கொள்ளப் போனபோதுதான் இரண்டும் வேறு என்பது புரிந்தது. அங்கே பூரகம், கும்பகம், ரேசகம் என்று மூச்சை இழுக்க வேண்டும், நிறுத்த வேண்டும், எண்ணிக்கை வைத்து விட வேண்டும். அப்பாவோ மூச்சைத் தொடாதே என்றவர்.

விடை அகப்பட்டது திருமுடிவாக்கத்தில். அம்மாவும் போய்ச் சேர்ந்த வருஷம், தூக்கமே இல்லாமல் இருந்த என்னை ஒரு தோழி பிடித்திழுத்து அங்கேயிருக்கும் தம்ம சேது விபஸ்ஸனா தியான மையத்தின் பத்து நாள் முகாமில் சேர்த்துவிட்டாள். போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். யாரோடும் பேசக் கூடாது, சைகைகூடக் கூடாது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும். இரவு 9:30-க்கு விளக்கு அணையும். முதல் நாள் ராத்திரி எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, ஒலிப்பதிவில் ஆசிரியர் சத்ய நாராயண கோயங்காவின் கரகரத்த குரலைப் போட்டார்கள். தமிழில் அதன் மொழிபெயர்ப்பும் தொடர்ந்தது. இயல்பான மூச்சை அப்படியே கவனிக்க வேண்டும், அதை மாற்றக் கூடாது என்றது அந்தக் குரல். நாள் போகப் போகக் கவனிக்கும் இடம் குறுகிக்கொண்டே வந்து, மூன்றாம் நாள் மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன இடத்தில் நின்றது.

அப்பாவின் விரற்கடை.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் இல்லை, பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லவும் முடியவில்லை. மௌன விரதம் முடியும் பத்தாம் நாளுக்காகக் காத்திருந்த ஒரு வாரமும் ஒரே நினைப்பு: அப்பா ரங்கூனிலிருந்து வந்தவர்.

அந்த ஊரைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. 1962-ல் பர்மாவில் நே வின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கடைகளும் கம்பெனிகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. மறு வருஷம் 24 வயதில் கப்பலில் மதராஸ் வந்து இறங்கினார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவே.

கோயங்காவும் பர்மாக்காரர்தான். 1924-ல் மாண்டலேயில் ஒரு மார்வாடி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். தீராத ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்து, 1955-ல் ரங்கூனில் ஓர் ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். தலைவலிக்கு மருந்தாக இதைக் கேட்காதே, மனம் சுத்தமாவதற்கென்றால் வா என்று அந்த ஆசிரியர் முதலில் திருப்பி அனுப்பினாராம். 1969 ஜூலையில் பம்பாயில், தன் பெற்றோர் உட்படப் பதினான்கு பேருக்குக் கோயங்கா முதல் முகாம் நடத்தினார். இரண்டாவது முகாம் அதே மாதம் மதராஸில். அப்பா அப்போது இதே ஊரில்தான் இருந்தார். அதற்கு நான்கு வருஷம் முன்பே இந்தப் பழக்கம் அவரோடு கரையிறங்கிவிட்டது என்றால், அது கோயங்கா வழியாக வந்ததல்ல. அவருடைய ஆசிரியரைத் தேடினேன். யார் என்று தெரிந்ததும் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவர் ஒரு கணக்கர்.

சயாஜி ஊ பா கின். 1899-ல் ரங்கூனில் உழைப்பாளிகள் குடியிருந்த பகுதியில் பிறந்தவர். 1917-ல் பள்ளி இறுதித் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியும் வீட்டு நிலைமையால் மேலே படிக்க முடியவில்லை. கொஞ்ச நாள் ஒரு பர்மியப் பத்திரிகையில் வேலை பார்த்துவிட்டு, அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அன்றைக்கு அந்த ஆபீஸ் முழுக்க வெள்ளைக்காரர்களும் இந்தியர்களும்தான். பர்மியர் மிகச் சிலர். பர்மா சுதந்திரம் அடைந்த 1948 ஜனவரி 4 அன்று அந்த ஆபீஸின் தலைமை நாற்காலியில், நாட்டின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரலாக அவர் உட்கார்ந்தார்.

1937 ஜனவரி முதல் தேதி ஒரு நண்பர் வந்து, மூச்சைக் கவனிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒரே வாரம். பத்து நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் எட்டு மைல் தள்ளியிருந்த பியாப்வேஜி கிராமத்துக்குக் கிளம்பிவிட்டார். ஆற்றில் வற்றம். சம்பான் படகு பாதி வழிக்கு மேல் போகவில்லை. கரையேறும்போது முழங்கால் வரை சேற்றில் புதைந்து, மிச்சத் தூரத்தை வயல் வழியாக நடந்தே கடந்து, காலெல்லாம் சேறு அப்பிக்கொண்டிருக்கக் குரு வீட்டு வாசலில் போய் நின்றார். மார்ச்சுக்கு இரண்டு மாதம் இருக்கையில் கணக்கு ஆபீஸில் பத்து நாள் லீவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அந்தச் சேற்றுக் காலை என்னால் மறக்க முடியவில்லை.

வாசலில் எதிர்கொண்ட குரு சயா தெட்ஜி ஒரு விவசாயி. அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். காலராவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த துக்கத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, லெடி சயாடோ என்ற பிக்குவிடம் ஏழு வருஷம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர்.

லெடி சயாடோ 1846-ல் பிறந்தவர். 1885 நவம்பரில் பிரிட்டிஷ் படை மாண்டலேயைப் பிடித்து, தீபா மன்னரை ரத்னகிரிக்கு அனுப்பியது. பௌத்த சங்கத்தைக் காப்பது மன்னன் கடமை. இப்போது மன்னனே இல்லை. இனி தர்மத்தை யார் காப்பாற்றுவது என்ற கேள்விக்கு லெடி கண்ட பதில்தான் என்னை உலுக்கியது. உழுகிறவனும் கடை வைத்திருக்கிறவனும் காப்பாற்றட்டும் என்று முடிவு செய்து, அதுவரை துறவிகளோடு நின்றுபோயிருந்த அபிதம்மம் என்னும் பௌத்தத் தத்துவத்தைச் சாதாரண பர்மிய மொழியில் எளிய செய்யுளாகவும் கையேடுகளாகவும் எழுதினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஆழ்ந்த சமாதி நிலைகளை எட்டிய பிறகுதான் என்று காத்திருக்க வேண்டியதில்லை, இருக்கிற அமைதியோடு இன்றைக்கே தொடங்கலாம் என்றார். கடைசி வருஷங்களில் கண் பார்வை போன பிறகும் கற்பிப்பதை விடவில்லை. 1923-ல் மறைந்தார். மூச்சைக் கவனிக்கும் முறை பழைய பாலிச் சூத்திரங்களிலேயே இருக்கிறது. குடும்பஸ்தன் கைக்கு அது இவ்வளவு பரவலாக வந்தது, நாட்டைப் பறிகொடுத்த அந்தத் தலைமுறையில்.

ஊ பா கின் முதல் மாணவரைச் சேர்த்ததும் ஆபீஸ் வேலையின் நடுவில்தான். 1941-ல் ரயில்வே கணக்கு அதிகாரியாக வடக்கே சுற்றுப்பயணம் போனபோது ஒரு குன்றின் மேல் வெபு சயாடோ என்ற பிக்குவைச் சந்தித்தார். அறிந்ததை இப்போதே பிறருக்குக் கொடு என்றார் பிக்கு. கூட வந்திருந்த உதவி ஸ்டேஷன் மாஸ்டர் தனக்குச் சொல்லித்தரும்படி கேட்க, நின்றுகொண்டிருந்த ரயில் பெட்டியில், அங்கிருந்த இரண்டு மேஜைகளையே ஆசனமாக வைத்துப் பாடம் நடந்தது. 1950-ல் தன் ஆபீஸிலேயே ஊழியர்களுக்காக ஒரு விபஸ்ஸனா சங்கம் தொடங்கினார். 1952-ல் ரங்கூனில் தியான மையம் எழுந்தது. ஒரே சமயத்தில் பல துறைகளின் பொறுப்பைச் சுமந்த அதிகாரி, அந்த வேலைகளோடு கூடவே இதையும் கற்பித்துக்கொண்டிருந்தார்.

கணக்கு ஆபீஸ், ரங்கூன், அப்பா. மூன்றையும் வைத்துக்கொண்டு வியாசர்பாடிக்குப் போனேன். அப்பாவோடு அதே கப்பலில் வந்த மாமா ஒருவர் அங்கே இருக்கிறார். 84 வயது. பல வருஷம் பர்மா பஜாரில் கடை வைத்திருந்தவர். மருமகள் வாழைத்தண்டு போட்ட பர்மிய மொய்ங்கா சூப் கொண்டுவந்து வைத்தாள். நான் எதுவும் விளக்காமல் மேலுதட்டுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினேன். மாமா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"சயா சொல்லிக் கொடுத்ததும்மா அது."

"எந்தச் சயா, மாமா?"

"எங்க கம்பெனில ஹெட் கிளார்க். பர்மாக்காரர். சர்க்கார் கணக்கு ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆகி வந்தவரு. சயான்னா வாத்தியார்னு அர்த்தம், அப்படித்தான் கூப்பிடுவோம். புதுப் பையன் வேலைக்கு வந்தா மொத நாள் பேனாவைத் தொட விடமாட்டாரு. மூச்சைப் பாருடான்னு உட்கார வெச்சிருவாரு. எனக்கு ஒரு நிமிஷம் ஓடாது. ஒங்கப்பன் புடிச்சுக்கிட்டான்."

"உங்க சயாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"அவங்க பெரிய ஆபீசராம். ஆபீஸ்லயே உட்கார வெப்பாராம். பேரு கேட்டதில்ல தாயி."

நான் பேரைச் சொன்னேன். மாமா தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவர் வேறு எங்கேயோ போயிருந்தார்.

"கஸ்டம்ஸ்ல எல்லாத்தையும் வாங்கிக்கிட்டாங்க. எங்கம்மா தாலிச் சரடு வரைக்கும். ஒங்கப்பன் கையில ஒரு டிரங்குப் பெட்டிதான். மதராஸ் கிட்ட வந்து கப்பலை ஒரு ராத்திரி வெளியவே நிறுத்திட்டாங்க. எறங்கினா எங்க போறது, யாருகிட்ட நிக்கிறதுன்னு தெரியாது. எல்லாரும் கம்பியப் புடிச்சிக்கிட்டு கரை வெளக்கையே பாத்துக்கிட்டு நிக்கிறோம். பிள்ளைங்க அழுவுது. திரும்பிப் பாத்தா ஒங்கப்பனக் காணோம். தேடிப் போனா, கயிறு சுத்தி வெச்சிருக்கிற எடத்துல பெட்டிமேல கையக் கவுத்து வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

"கூப்பிட்டீங்களா?"

"இல்ல. பக்கத்துல போய் உட்கார்ந்துட்டேன்."