நடுவதில் பாதி, வெட்டுவதில் பாதி



கச்சான் காற்று ஓய்ந்து மாரி தொடங்க இன்னும் சில கிழமைகள்தான் இருக்கின்றன. இந்த நாட்களில் நம் ஊர் ஒழுங்கைகளில் நடந்து போனால் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று மெசின் வாள். மற்றது, மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று "உங்கட மரம்", "எங்கட பீலி" என்று ஆட்கள் கதைக்கிற சத்தம். இரண்டாவது சத்தம் கூடினால் முதலாவது சத்தம் வரும். மரம் அடியோடு போய்விடும். இதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைத்தோம். நீளமான பதிவுதான், ஆறுதலாக வாசியுங்கள்.

மரம் நடுவது நன்மை என்று நம்மில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ சாப்பிட்டால் அது அவருக்கு ஸதகாவாக எழுதப்படும் என்ற ஹதீஸைச் சின்னப் பிள்ளைகளும் சொல்லும். ஒவ்வொரு வருடமும் ஜூன் 5 சுற்றாடல் தினத்தில் பாடசாலைகளில் கன்று நடுகிறோம், படம் எடுக்கிறோம். ஆனால் பாதையில் கிடந்த முட்கிளை ஒன்றை அகற்றிய மனிதருக்கு அல்லாஹ் மன்னிப்புக் கொடுத்தான் என்ற ஹதீஸும் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நட்டதற்கும் நன்மை, இடைஞ்சலை அகற்றியதற்கும் நன்மை. நாம் முதலாவதை மேடையில் சொல்கிறோம். இரண்டாவதை வீட்டு வளவுக்குள் கொண்டுவர மறந்துபோகிறோம். நட்ட மரத்தின் கிளை பக்கத்து வீட்டுக் கூரையில் போய்ப் படுத்தால், அந்தக் கிளைக்கும் நாம்தானே பொறுப்பு?

முந்தி இந்தப் பொறுப்பை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வேலி அதைச் சொல்லித்தந்தது. சீமைக்கிளுவை, முள்முருக்கு, பூவரசு என்று கதியால் நட்டு, இடையில் கிடுகு கட்டிய வேலிகள். கிடுகு உக்கிப்போகும், கதியால் ஓங்கி வளரும். அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது இரண்டு வீட்டாரும் ஒன்றாக நின்று வேலி அடைப்பார்கள். கதியாலின் தலையை வெட்டினால் குழை ஆட்டுக்கு, தடி அடுப்புக்கு, நல்ல கொப்பு அடுத்த வேலிக்குக் கதியால். வெட்ட வெட்டத்தான் அது அடர்த்தியாகத் தளிர்க்கும். அந்த வேலியில் ஒரு கடப்பும் இருக்கும். நோன்புக் கஞ்சியும் ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியும் அதனூடாகத்தான் போய்வந்தன.

பிறகு வெளிநாட்டுக் காசு வந்தது, மதில் வந்தது. மதிலைக் குறை சொல்லவில்லை. பாதுகாப்பு வேண்டும், கிடுகுக்கும் ஆளில்லை. ஆனால் மதிலைக் கட்டினால் அது அப்படியே நிற்கும். வருடத்துக்கு ஒரு முறை இரண்டு வீட்டாரும் சேர்ந்து நிற்க வேண்டிய வேலை ஒன்று இல்லாமல் போனது. மரம் மட்டும் முன்னைப் போலவே வளர்ந்துகொண்டிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. நமது கிழக்கில் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குத்தான் போகும். எங்கட உம்மாவின் வளவு 40 பேர்ச், கால் ஏக்கர். நாங்கள் மூன்று பெண் மக்கள். ஒழுங்கைக்கு விட்டது போக ஆளுக்குப் பன்னிரண்டு பேர்ச் அளவில் வந்தது. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. பன்னிரண்டு பேர்ச் என்றால் 3,267 சதுர அடி. அதில் வீடு, கிணறு, மலசலகூடம், வாகனம் நிறுத்த இடம். மரத்துக்கு என்ன மிஞ்சும்? கால் ஏக்கருக்கு நட்ட மரங்கள் இன்று பன்னிரண்டு பேர்ச்சுக்குள் நிற்கின்றன. நம் ஊரில் பல மரங்கள் வெட்டுப்படுவது வளவு பங்கு போடும் வருடத்தில்தான்.

எங்கட பங்கிலும் அப்படி ஒரு மரம் மாட்டியது. மூத்தம்மா நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரம், எங்களுக்கும் தங்கச்சிக்கும் இடையில் சரியாக எல்லைக் கோட்டில் நின்றது. தங்கச்சியின் மாப்பிள்ளை அதை வெட்டச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சருகு விழுந்து பீலி அடைத்தது. பீலியில் தேங்கிய தண்ணீரைச் சுகாதாரப் பரிசோதகர் வந்து காட்டிவிட்டுப் போனார். டெங்குக் காலம், வீட்டில் கைக்குழந்தை. காய் விழுந்து ஓடு உடைந்தது. நாங்கள் வெட்டக் கூடாது என்றோம். அதிலும் நியாயம் இருந்தது. அது மூத்தம்மாவின் மரம், அந்த இரண்டு வீட்டுக்கும் வேறு நிழல் இல்லை. இரண்டு நியாயமும் நேருக்கு நேர் நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வருட நோன்பில் எங்கட வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் இடையில் கஞ்சிக் கோப்பை போகவில்லை. உம்மா இரண்டு வீட்டிலும் நோன்பு திறந்தா. எந்த வீட்டிலும் சரியாகச் சாப்பிடவில்லை.

பிரச்சினையைத் தீர்த்தது மரம் வெட்ட வந்த காக்காதான். தென்னை ஏறியே வயதுபோன மனிதர். மரத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்து பார்த்துவிட்டு, "இதை விழுத்தத் தேவையில்ல, இறக்கினாப் போதும்" என்றார். மூன்று வருடம் கேட்டார். முதல் வருடம் பட்ட கொப்புகளையும் தங்கச்சியின் கூரைப் பக்கம் போன கிளைகளையும் எடுத்தார். இரண்டாம் வருடம் நடுவில் ஒன்றோடொன்று உரசிய கிளைகளை எடுத்து வெளிச்சம் விட்டார். மூன்றாம் வருடம் உயரத்தைக் குறைத்தார். ஒரே நாளில் ஏன் செய்யவில்லை என்று கேட்டதற்கு, "ஒரேயடியா மொட்டையடிச்சா அது கோபத்தில கண்டபடி தளிர்க்கும்" என்றார்.

அவர் கோபம் என்று சொன்னதற்குத் தாவரவியலில் விளக்கம் இருக்கிறது. மரத்துக்கு உணவு செய்வது இலை. இலை முழுவதையும் ஒரே நாளில் எடுத்தால், மரம் சேமித்து வைத்ததையெல்லாம் செலவழித்து, வெட்டிய இடத்தைச் சுற்றிக் குச்சி குச்சியாகத் தளிரை எறியும். அந்தக் கிளைகள் வேகமாக உயரும். ஆனால் தண்டின் மேற்பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த காற்றுக்கு முறிவது அவைதான். அதனால் ஒரு வருடத்தில் இலைக்கூட்டத்தின் கால்வாசிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது.

மதில் கட்டும்போது மேசன்மாரிடமும் ஒன்று கேட்டோம். பெரிய வேர் போகும் இடத்தில் அத்திவாரத்துக்காக வேரை வெட்டாமல், இரண்டு பக்கமும் தூண் வைத்து மேலால் லிண்டல் போட்டார்கள். அடிமரம் நிற்கும் இடத்தில் மதில் இல்லை. சின்னப் பிள்ளை ஒன்று புகுந்து போகும் அளவு இடைவெளி. இப்போது கஞ்சிக் கோப்பை அந்த வழியால்தான் போகிறது.

இனி, எங்களிடம் பலர் கேட்கிற விஷயங்களுக்கு வருவோம்.

முதலாவது, எப்போது வெட்டுவது? மாமரத்தைப் பழம் முடிந்த கையோடு வெட்ட வேண்டும். மா பூப்பது முற்றிய கொப்பின் நுனியில். காய் முடிந்ததும் வெட்டினால் புதுத் தளிர் வந்து முற்றுவதற்குக் காலம் கிடைக்கும். பூக்கும் காலத்துக்குக் கிட்ட வெட்டினால் அந்த வருடத்துக் காயையும் சேர்த்தே வெட்டுகிறீர்கள். கொய்யா வேறு மாதிரி. புதுத் தளிரில்தான் பூக்கும், அதனால் அளவாக வெட்டினால் காய் கூடும். தேசியில் பட்ட கொப்பு, நிலத்தில் முட்டும் கொப்பு, ஒட்டுக்குக் கீழிருந்து வரும் தளிர் ஆகியவற்றை எடுங்கள். ஒட்டுக்குக் கீழே வருவது நீங்கள் வாங்கிய இனமே இல்லை. முருங்கைக் கொப்பு சும்மாவே முறியும். காய் முடிந்ததும் இடுப்பளவுக்கு இறக்கிவிட்டால் இலையும் காயும் கைக்கு எட்டும், கூரையும் தப்பும்.

இரண்டாவது, எப்படி வெட்டுவது? கைக்கு மேல் தடித்த கிளையை ஒரே வெட்டில் விழுத்தாதீர்கள். பாரத்தில் கிளை கீழே வரும்போது தாய்மரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழுத்துங்கள். மிஞ்சிய கட்டையைக் கடைசியாக எடுங்கள். கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு தடிப்பு இருக்கும். அந்தத் தடிப்பை வெட்டாமல், அதற்கு வெளியே ஒட்டி வெட்ட வேண்டும். நீளக் கட்டையாக விடவும் கூடாது; விட்டால் அது உக்கி, உக்கல் உள்ளே போகும்.

அமெரிக்க வனசேவையில் வேலை செய்த அலெக்ஸ் ஷிகோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து ஒரு விஷயத்தைக் காட்டினார். நமது தோலைப் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. காயப்பட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள் ஒரு மதிலை எழுப்பி அதை ஒதுக்கிவைக்கிறது. வெளியே புதுப் பட்டை வளர்ந்து மூடுகிறது. அந்த மோதிரத் தடிப்பில்தான் இந்த வேலைக்கான ஆயத்தம் இருக்கிறது. ஆகவே பெயின்ட், தார் எதுவும் பூசத் தேவையில்லை. சுத்தமான கூர் வாளால் சரியான இடத்தில் வெட்டினால் மற்றதை மரம் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, யார் வெட்டுவது? மின்கம்பிக்குக் கிட்ட உள்ள கிளையில் யாரும் கைவைக்க வேண்டாம். அலுமினியக் கொக்கத்தடி கம்பியில் முட்டினால் உயிர் போகும். அதற்குரியவர்களிடம் முறைப்படி அறிவியுங்கள். பலா மரத்தை அடியோடு வெட்டுவதென்றால் அது நமது வளவில் நின்றாலும் அனுமதி வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முதலில் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வெட்டுவதற்கு முன் கூடு இருக்கிறதா என்றும் ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். குஞ்சு பறக்கும் வரை பொறுத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மரத்துக்கு இடமே இல்லாதவர்களுக்கு வேலிச் செடி இருக்கிறது. மருதோண்டியும் செவ்வரத்தையும் நம் மணலிலும் வெயிலிலும் நன்றாக வரும். கன்று முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். நுனி அரும்பு இருக்கும் வரை அது பக்க அரும்புகளை அடக்கிவைத்திருக்கும். நுனி போனால் பக்கமெல்லாம் தளிர்க்கும். இன்னொன்று: வேலியின் அடிப்பக்கம் அகலமாகவும் மேற்பக்கம் ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும். மேலே அகலமாக விட்டால் அடியில் வெயில் படாது, அடி மொட்டையாகி ஆடு புகுந்துவிடும். மருதோண்டி வேலியை அடிக்கடி வெட்டுகிறவர்களுக்கு எப்போதும் இளம் இலை கிடைக்கும். நன்றாகச் சிவப்பதும் இளம் இலைதான். பெருநாளுக்குக் கடையில் கோன் வாங்குவதற்கு முன் ஒரு முறை அரைத்துப் பாருங்கள்.

1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மூத்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். கிழக்குக் கரை நெடுகத் தென்னைகள் வரிசையாக விழுந்த இரவு அது. மாரிக் காற்று வந்த பிறகு கிளையைப் பார்த்துப் பயப்படுவதில் பிரயோசனமில்லை. பயந்து வெட்டும்போதுதான் அடியோடு வெட்டுகிறோம்.

ஆகவே இந்த வருடம் ஒன்று செய்து பாருங்கள். மழைக்கு முன் ஒரு நாள் அஸருக்குப் பிறகு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, இரண்டு வளவு மரங்களையும் அவர்கள் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். உங்கட மரம் உங்கட முற்றத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். அவர்களின் முற்றத்தில் அது எப்படி இருக்கிறது என்று அங்கே நின்றால்தான் தெரியும். மத்தியஸ்த சபைக்குப் போன பிறகு பேசுவதை, ஒரு பிளேன்டியோடு முன்னமே பேசிவிடலாம். வெட்டுக் கூலியைப் பகிருங்கள், பழத்தையும் பகிருங்கள். குழையை எரிக்க வேண்டாம். ஆடு வளர்க்கும் வீட்டுக்குக் கொடுங்கள், மிச்சத்தைத் தென்னை அடியில் போடுங்கள்.

உங்கட வளவுகளில் நீங்கள் செய்து பார்த்ததைக் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் பிரயோசனப்படும். நல்ல மரம் வெட்டும் ஆட்கள் உங்கள் பக்கம் இருந்தால் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிவையுங்கள்; அந்தக் கைப்பழக்கம் தெரிந்தவர்கள் வரவரக் குறைந்து வருகிறார்கள். அவர்களுக்குக் கூலியைக் குறைத்துப் பேச வேண்டாம்.

வல்லோன் அல்லாஹ் நம் வளவுகளிலும் உறவுகளிலும் பரக்கத் செய்வானாக.