இரண்டு சய்யாராக்கள்

ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி நடத்திவந்த என் பெரியத்தா மர்ஹூம் ஆனபோது விட்டுச்சென்றவற்றுள் கார்கள் இரண்டு. ஒன்று 1968ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மற்றது மாருதி 800. கொட்டகையில் பாதியை வாடகைக்கு விடவேண்டிய நிலை அண்மையில் அவர் மகனுக்கு வந்தது. "ஒண்ணுதான் நிக்க இடமிருக்கு. எதை விக்கலாம், நீங்களே சொல்லுங்கண்ணே" என்று பொறுப்பை என் தலையில் வைத்தான்.

மோட்டார் காருக்கு அரபியில் இன்று 'சய்யாரா' என்பர். பயணம் செய்தலைக் குறிக்கும் வேரில் பிறந்த சொல். திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில், கிணற்றில் கிடந்த யூசுஃப் நபியைக் கண்டெடுத்த வழிப்போக்கர் கூட்டத்துக்கும் அதே சொல்தான். மாணவர்க்கு இதை விளக்கும்போதெல்லாம் என் மனக்கண்ணில் வந்து நிற்பது ஹெரால்டு.

அதன் அழகு அத்தகையது. இத்தாலியரான மிக்கேலோட்டி வரைந்த உருவம்; இங்கிலாந்தில் 1959இல் பிறந்து, 1961முதல் சென்னையில் தயாரானது. 1962இல் அங்கே வெளிவந்த ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார், இதன் அடிச்சட்டத்திலிருந்து உருவானதே. முன்பகுதி முழுவதும் ஒரே மூடியாய் முன்னோக்கித் திறக்கும். சிறுவர்களாகிய நாங்கள் அதன் முன்சக்கரத்தின்மேல் அமர்ந்து எஞ்சினைப் பார்த்திருக்கிறோம்.

ஆனால் அழகுக்குள் ஒரு குணக்கேடும் இருந்தது. பின்சக்கரங்கள் அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அமைப்பு. வளைவில் வேகமாய் நுழைந்து, பாதியில் பயந்து ஆக்சிலேட்டரை விட்டால், பின்பக்கம் எழும்பிச் சக்கரம் உள்மடங்கும். வால் வெளியே வீசும். எனக்குப் பத்து வயதிருக்கையில், பாச்சலூர் மலைப்பாதையில் இறங்கும்போது அது நேர்ந்தது. கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் இருக்க வண்டி நின்றது. பெரியத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வளைவுக்கு முந்தியே வேகத்தைக் குறைக்கணும்டா, உள்ளே போய்க் குறைக்கக் கூடாது" என்றார். பிற்காலத்தில் அவர் எனக்கு வண்டியோட்டக் கற்பித்தபோது சொன்ன முதற்பாடமும் அதுவே.

மாருதியிடம் பாடம் எதுவும் கிடையாது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கரமே இழுக்கும். 1983 டிசம்பரில் முதல் வண்டி விற்பனையாகி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. பார்ப்பதற்குத் தகர டப்பாதான். அதைப் பாராட்டி ஒரு வரி எழுதவும் எனக்குத் தோன்றியதில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, இரண்டு மணியளவில் அம்மாவுக்கு நெஞ்சுவலி. பெரியத்தா வீட்டுக்கு ஓடினேன். பழக்கத்தால் ஹெரால்டின் கதவைத்தான் முதலில் திறந்தேன். சோக்கை இழுத்தும் அது இருமியதே தவிர எழவில்லை. பெரியத்தா ஒன்றும் சொல்லாமல் மாருதியின் சாவியை நீட்டினார். ஒரே திருகில் உறுமியது. திண்டுக்கல் மருத்துவமனையை அடையும்வரை அம்மா என் தங்கையின் மடியில் கிடந்தார்கள். அதன்பின் பதினோரு ஆண்டு எங்களோடு இருந்தார்கள்.

தம்பியிடம், ஹெரால்டை விற்றுவிடு என்றேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் லாரியோடு வந்தார். ஏற்றுமுன் முன்மூடியை ஒருமுறை திறக்கட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.